தொழில் மாறிக் கற்ற பாடம்

சென்ற திங்கள் நம் சங்கத்துக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், இளைஞர் ஒருவர் எம்மிடம் வந்தார். அவருடைய பெற்றோர் ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பதியில் குடியேறியவர்கள். அவர் எட்டு ஆண்டுகளாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். அதை விட்டு முற்றிலும் வேறான ஒரு துறைக்குச் செல்ல எண்ணியிருக்கிறார். "அண்ணா, நீங்கள் சித்தூர் ஆலையில் நாற்பது பேருக்கு மேஸ்திரியாக இருந்தவராமே? அதை விட்டு ரயில்வேயில் கடைநிலை வேலைக்குப் போனீர்களாமே? அது உங்களுக்கு வருத்தமாக இல்லையா? இப்பொழுது மகிழ்ச்சியாகத்தான் வேலை செய்கிறீர்களா?" என்று அவர் கேட்டார்.

கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டபடியால் அன்று நின்று விடை கூற இயலவில்லை. எழுதித் தருவதாகச் சொல்லி வந்தோம். வீட்டிற்கு வந்து எண்ணிப் பார்த்தால், அக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டும் அன்று என்று தோன்றியது. ஊர் விட்டு ஊர் வந்தோர் குடும்பங்களில் தொழில் மாறாதவர் எவர்? தறியை விட்டு மண்டிக்கும், மண்டியை விட்டு ஆலைக்கும், ஆலையை விட்டு அலுவலகத்திற்குமாக நாம் எல்லோரும் ஒன்றைக் கைவிட்டு ஒன்றைப் பற்றியே வந்திருக்கிறோம். ஆகவே அவருக்குக் கூறவேண்டிய விடையை எல்லோருக்கும் பொதுவாகவே எழுதத் துணிந்தோம். பத்தாம் வகுப்போடு நின்றது எமது படிப்பு. தலைமைப் பண்பைப் பற்றி நூல் எழுதும் தகுதி எமக்கில்லை. யாம் கண்டதையும், செய்த பிழையையும் உள்ளவாறே சொல்லுவோம்.

எம் தந்தையார் குடியாத்தத்துத் தறியை விட்டுச் சித்தூர் வெல்ல மண்டிக்கு வேலை தேடி வந்தவர். 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபொழுது, பழைய வட ஆர்க்காட்டுப் பகுதிகளும் அதனோடு சேர்க்கப்பட்டன. எனவே குடியாத்தத்தாருக்குச் சித்தூர் தொலைநாடு அன்று. காட்பாடி வழியாக ஒரு பொழுதில் வந்து சேரலாம். ஆயினும் கடைப் பலகையின் எழுத்து வேறு. அலுவலகத்தின் மொழி வேறு. தந்தையார் இறுதிவரை தெலுங்கில் கையெழுத்து மட்டும் போடக் கற்றார். யாம் 2003இல் பத்தாம் வகுப்பில் தேறிய ஆண்டிலேயே அவர் நோயுற்றுப் படுத்துவிட்டார். மேற்படிப்பு என்ற பேச்சு அத்துடன் நின்றது. மாங்கூழ் ஆலை ஒன்றில் தினக்கூலியாகச் சேர்ந்தோம்.

சித்தூர்ச் சீமையின் மாம்பழத்தைப் பற்றி நம்மவர்க்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. நாம் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் அழைக்கும் தோத்தாபுரி மாம்பழமே கூழ் ஆலைகளின் உயிர். ஆனி பிறந்தால் ஆவணி வரையில் ஆலைக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. வாயிலில் லாரிகளும் டிராக்டர்களும் வரிசை கட்டி நிற்கும். பழத்தைக் கழுவி, அழுகலைப் பொறுக்கி எறிந்து, காம்புப் பக்கத்தைச் சீவி, நறுக்கிப் பொறியில் இடவேண்டும். பொறி கொட்டையையும் தோலையும் பிரித்துச் சதையைக் கூழாக்கும். அக்கூழைச் சல்லடையில் வடித்துச் சூடேற்றிக் கிருமி நீக்கிக் குளிர்வித்து, காற்றுப் புகாத பைகளில் நிரப்பிப் பீப்பாய்களில் அடைப்பார்கள். ஒரு பீப்பாய் இருநூறு கிலோவுக்கு மேல் எடை உள்ளது. வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறும் அக்கூழின் தொடக்கம், கையில் கத்தியுடன் நனைந்த தரையில் நிற்கும் ஒரு பெண்ணின் முன்னால்தான்.

எம் கணக்கு பிழையற்றது என்பதனால், ஆறாம் ஆண்டில் எம்மை மேஸ்திரியாக்கினார்கள். நறுக்கும் பகுதியில் 40 பெண்கள். அவர்களுக்குள் எம் தாயார் வயதினரும் இருந்தனர். எமக்கோ வயது இருபத்திரண்டு. கழுத்தில் ஓர் ஊதலைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் நோட்டுடன் நடப்போம். எத்தனை லாரி இறங்கிற்று, எத்தனை பீப்பாய் நிறைந்தது என்பவற்றை அரை மணிக்கு ஒரு தரம் எழுதுவோம். கை தளர்ந்தால் ஊதல், பேச்செழுந்தால் அதட்டல். அதுவே தலைமை என்று நம்பினோம். வீதியில் நடக்கையில் அப்பெண்கள் ஒதுங்கி வழிவிட்டால், எமக்குள் ஒரு பெருமிதம் உண்டாகும். அது மதிப்பு அன்று, அச்சம் என்பது அப்பொழுது தெரியவில்லை. வேலையில் எமக்கு இன்பம் இருந்ததா என்று கேட்டால், அந்தப் பெருமிதத்தைத் தவிர வேறு இன்பம் இருந்ததாக நினைவில்லை.

2011ஆம் ஆண்டு ஆடித் திங்களில் ஓர் இரவு. மாலையில் மின்சாரம் நின்று, இரவு பத்து மணிக்கு மேல் வந்தது. வாயிலில் 23 லாரிகள் நின்றன. வெயிலில் கிடந்த பழம் விடிவதற்குள் பொறிக்குப் போகாவிட்டால் அழுகிவிடும். உண்பதற்கு விடவேண்டிய இடைவேளையை நிறுத்தினோம். பொறியின் வேகத்திற்குக் கைகள் ஓடவேண்டும் என்று ஊதிக்கொண்டே இருந்தோம். இரவு இரண்டு மணியளவில் வரிசையின் கடைசியில் நின்ற அக்காள் ஒருவரின் கத்தி நழுவியது. இடக்கையின் ஆள்காட்டி விரல் நுனி போயிற்று. மாம்பழச் சாறும் குருதியும் ஒன்றாய் ஓடிய அந்த மேசையை இன்றும் எம்மால் மறக்க முடியவில்லை. துணியால் கையைச் சுற்றிக்கொண்டு, அழாமல் எம்மை நோக்கி அவர் கேட்டார்: "லாரியை எல்லாம் எண்ணினாயே தம்பி, எங்களை எண்ணினாயா?"

இதுவரை கூறியது விபத்து. இனிக் கூறுவதுதான் பிழை. காலையில் விபத்துப் பதிவேட்டில் காரணம் எழுதவேண்டியிருந்தது. இடைவேளை நிறுத்தப்பட்டது என்று எழுதினால் கேள்வி எம்மிடம் வரும். எவரும் எம்மை வற்புறுத்தவில்லை. யாமே பேனாவை எடுத்து, 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டோம். அக்காளுக்கு மருத்துவச் செலவும் நான்கு நாள் கூலியும் கிடைத்தன. அவ்வளவே. அந்நாளில் நடப்பிலிருந்த, 1923இல் இயற்றப்பட்ட இழப்பீட்டுச் சட்டத்தின்படி, வேலையில் நேர்ந்த காயத்திற்கு வெறும் கவனக்குறைவைக் காரணம் காட்டி முதலாளி பொறுப்பிலிருந்து நீங்கிவிட முடியாது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே யாம் அறிந்தோம். அவரோ, ஏட்டில் அப்படி எழுதியாயிற்று, இனித் தமக்கு ஒன்றும் கிடைக்காது என்று நம்பி வீடு சென்றுவிட்டார். அடுத்த பருவத்தில் அவர் வேலைக்கு வரவில்லை.

அதன்பின் ஊதலை எடுக்கும்பொழுதெல்லாம் கை கூசிற்று. ஆயினும் வேலையை விடவில்லை; குடும்பம் இருந்தது. ரயில்வேயின் கடைநிலைப் பணிகளுக்கு விண்ணப்பம் கோரியபொழுது எழுதிப்போட்டோம். 2014இல் டிராக்மேன் வேலை கிடைத்தது. உறவினர் மகிழ்ந்தனர்; யாம் மட்டும் உள்ளுக்குள் குன்றினோம். நேற்று வரை நாற்பது பேரை நடத்தியவர், இன்று சம்மட்டியும் கடப்பாரையும் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாக நடக்கவேண்டும். எம்மைவிடப் பத்து வயது இளையவர்கூட எமக்குக் கட்டளையிடலாம். முதல் ஓராண்டு, நாளும் வேலையை வெறுத்தோம். இளைஞர் கேட்டாரே, வருத்தமாக இல்லையா என்று. இருந்தது, நிரம்ப இருந்தது.

எங்கள் கூட்டத்துக்கு மேட் ஆக இருந்தவர் தெலுங்கர். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். அதிகம் பேசமாட்டார். வளைவில் ஜல்லி இட்டுக்கொண்டிருப்போம். தொலைவில் வண்டி வருவதைக் காவல் நிற்பவர் கொடியால் உணர்த்துவார். மேட் ஊதலை ஊதுவார். நாங்கள் கருவிகளை எடுத்துக்கொண்டு பாதையை விட்டு இறங்குவோம். அவர் இறங்கமாட்டார். ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணுவார். எண்ணிக்கை சரியானபின், பாதையில் கருவி ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசியாக இறங்குவார். வண்டி கடந்தபின் மறுபடியும் எண்ணுவார். ஒரு நாளில் பத்து முறை வண்டி வந்தால் பத்து முறையும் அப்படியே.

முதல் நாளன்று அவர் எம்மை நோக்கி விரல் நீட்டி எண்ணியபொழுது, எமக்கு அக்காளின் கேள்வி நினைவிற்கு வந்தது. எம் கழுத்தில் தொங்கியதும் ஊதல்தான். அவர் கழுத்தில் தொங்கியதும் ஊதல்தான். யாம் சரக்குக்காக ஊதினோம். அவர் ஆளுக்காக ஊதினார். அவரை எவரும் அஞ்சியதில்லை. ஆயினும் அவர் சொல்லை ஒருவரும் தட்டியதில்லை. கொளுத்தும் சித்திரை வெயிலில் அவருடன் வேலை செய்தபொழுது, நாள் போவது தெரியாமல் பொழுது சாய்ந்துவிடும். வேலையில் இன்பம் என்பது இப்படியும் வருமா என்று யாம் வியக்கத் தொடங்கியது அவரிடத்தில்தான்.

பின்னர்த் துறைத் தேர்வு எழுதி எழுத்தர் ஆனோம். இவ்வட்டாரத்து நிலையம் ஒன்றில் பார்சல் பிரிவில் அமர்த்தப்பட்டோம். பார்சல் எழுத்தரின் வேலை பார்வைக்கு எளியது. அனுப்புவோர் தரும் படிவத்தைச் சரிபார்த்து, எடை போட்டு, கட்டணம் கணித்து, வழிச்சீட்டு எழுதி, மூட்டையின் மேல் சேருமிடத்தின் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, வண்டி நிற்கும் சில நிமிடங்களுக்குள் ஏற்றிவிடவேண்டும். ஓர் எழுத்துத் தவறினால் மூட்டை வேறு ஊருக்குப் போய்விடும். எமக்கு அத்தவறு மூன்றாம் மாதத்திலேயே நேர்ந்தது. பூச்செடி நாற்றுகள் கொண்ட 12 கூடைகளை யாம் எழுதிய பிழையான குறியீடு வேறு திசைக்கு அனுப்பிவிட்டது. அவை திரும்பி வருவதற்குள் நாற்றுகள் வாடிப்போயின.

விளக்கம் எழுதித் தரும்படி மேலிடத்திலிருந்து தாள் வந்தது. மூட்டையைத் தூக்கிய தொழிலாளி இடம் மாற்றி வைத்துவிட்டார் என்று எழுதலாம். அவர் படிப்பறியாதவர், மறுத்துரைக்கமாட்டார். அந்த எண்ணம் எம் உள்ளத்தில் ஒரு கணம் எழுந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. மூத்த எழுத்தர் எம் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளை வாங்கினார். குறியீடு எழுதியதில் பிழை நேர்ந்தது என்றும், புதியவர் எழுதியதைச் சரிபார்க்க வேண்டியது தம் பொறுப்பு என்றும், அதைத் தாம் செய்யவில்லை என்றும் எழுதித் தம் கையெழுத்தை முதலில் இட்டார். பிறகு எம்மிடம் தந்து, "கீழே நீங்களும் போடுங்கள்" என்றார். இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைப் பற்றி அவர் அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை.

அன்றிரவு யாம் உறங்கவில்லை. ஒரு பதிவேட்டில் யாம் எழுதிய வரியும், இத்தாளில் அவர் எழுதிய வரியும் அடுத்தடுத்துக் கண்ணில் நின்றன.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது நினைவிருக்கும். பயணிகள் வண்டிகள் எல்லாம் நின்றன. அதற்கு முன் இவ்வட்டாரத்துப் பால், பயணிகள் வண்டிகளோடு இணைக்கப்பட்ட தொட்டிகளில் தில்லிக்குச் சென்றுகொண்டிருந்தது. வண்டி நின்றால் பாலும் நின்றுவிடும்; ஆனால் மாடு கறப்பதை நிறுத்திக்கொள்ளாதே! ஆதலால் மார்ச்சு 26ஆம் நாள் முதல் ரேணிகுண்டாவிலிருந்து தில்லி ஹஸ்ரத் நிஜாமுதீனுக்குப் பாலுக்கென்றே ஒரு தனி வண்டி விட்டார்கள். அதற்குத் தூத் துரந்தோ என்று பெயர். தொட்டி ஒன்றுக்கு 40,000 லிட்டராக, ஆறு தொட்டிகளில் 2,40,000 லிட்டர் பால். ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் தொலைவு. அவ்வேளையில் யாம் பணி நிமித்தம் ரேணிகுண்டாவில் நின்றிருந்தோம். ஆளரவமற்ற நடைமேடையைக் கடந்து அவ்வண்டி சென்றபொழுது, தலைநகரத்துக் குழந்தைகள் நாளை இதைக் குடிக்கும் என்ற நினைவில் மெய்சிலிர்த்தது. அதில் எம் பங்கு மிகச் சிறிது. ஆயினும் ஊதியம் பெறும் நாளில்கூட அத்தகைய நிறைவு எமக்கு உண்டானதில்லை.

அந்த நிறைவின் காரணத்தைத் தேடித்தான் வர்கீஸ் குரியனின் வாழ்க்கையைப் படித்தோம். தொழில் மாறுவோர் எல்லோரும் அறியவேண்டிய வாழ்க்கை அது. 1921இல் கோழிக்கோட்டில் பிறந்த அவர், தந்தையார் மருத்துவராகப் பணியாற்றிய கோபிசெட்டிபாளையத்தில் பள்ளியில் பயின்றார். பின்னர்ச் சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் படித்தார். ஆகவே தமிழ்நாடும் அவரை நம் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளலாம். இரும்பும் எஃகுமே அவர் நாட்டம். ஜாம்ஷெட்பூரில் பயிற்சி பெற்றார். அமெரிக்கா சென்று படிக்க அரசு உதவித்தொகை கிடைத்தபொழுது, அது பாற்பண்ணைத் துறைக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அவரோ அங்கும் உலோகத்திலேயே கருத்தைச் செலுத்தித் திரும்பினார். ஆனால் அரசோடு செய்த ஒப்பந்தத்தின்படி, 1949ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், குஜராத்தின் ஆனந்த் என்னும் சிற்றூரிலிருந்த அரசுப் பாற்பண்ணையில் வேலைக்குச் சேரவேண்டியதாயிற்று. வேண்டா வெறுப்பாகச் சென்றார். விடுவிக்கும்படி மீண்டும் மீண்டும் எழுதினார். பால் குடிக்கும் பழக்கமே அவருக்கு இல்லை என்பது பலரும் அறிந்த செய்தி.

விடுதலை கிடைத்து மூட்டை கட்டிய வேளையில், அவரைத் தடுத்து நிறுத்தியவர் திரிபுவன்தாஸ் படேல். 1946இல் பதிவான கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் அவர். சங்கத்தின் பழைய பொறிகள் அடிக்கடி பழுதாகும். குரியன் அவற்றைச் சீர்செய்து தந்திருந்தார். புதிய பொறி வாங்கும்படி அவரே யோசனை கூறினார். அதை நிறுவும் வரையிலாவது இருங்கள் என்று படேல் கேட்டுக்கொண்டார். இருந்தவர் இருந்தவர்தாம். வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதும் ஆனந்திலேயே கழிந்தது. எருமைப்பாலில் பால்மாவு செய்வது அரிது என்று உலகம் கருதியிருந்த காலத்தில், தம் நண்பர் தலாயாவின் திறமையால் அதைச் செய்து காட்டினர். அதற்கான ஆலை 1955இல் திறக்கப்பட்டது. 1965இல் தேசியப் பால்வள வாரியம் அமைந்தபொழுது அதன் தலைவரானார். 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கிற்று. அந்நூற்றாண்டு முடிவதற்குள் பால் உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடம் பெற்றது. 2012இல் அவர் மறைந்தார். அவர் பிறந்த நவம்பர் 26ஆம் நாளைத் தேசியப் பால் நாளாகக் கொண்டாடுகிறோம்.

இவ்வரலாற்றில் எம் உள்ளத்தைத் தொட்டது சாதனைகளின் பட்டியல் அன்று. பிடிக்காத ஊரில், பிடிக்காத தொழிலில், பால் குடிக்காத ஒருவருக்கு எங்ஙனம் இன்பம் உண்டாயிற்று? காலையும் மாலையும் செம்பில் பால் கொண்டுவந்து வரிசையில் நிற்கும் உழவர்களை அவர் கண்டார். தம் கையிலுள்ள பொறியறிவு அவர்களுக்கு வேண்டியிருக்கிறது என்பதை உணர்ந்தார். உயர்ந்த நிலையில் இருந்தபொழுதும் தம்மை உழவர்களின் ஊழியர் என்றே சொல்லிக்கொண்டார். தொழிலை விரும்பி அவர் மக்களிடம் வரவில்லை. மக்களை விரும்பியபின் தொழில் தானே இனித்தது.

இதைப் படித்தபின் எமக்கு ஒரு கடமை எஞ்சியிருப்பது தெரிந்தது. 2021ஆம் ஆண்டில் ஒரு விடுமுறை நாள், திருப்பதியிலிருந்து வண்டியேறிப் பாகாலாவில் இறங்கி, விசாரித்து விசாரித்து அந்த அக்காளின் ஊருக்குச் சென்றோம். வீட்டு வாயிலில் இரண்டு பசுக்கள் நின்றன. எம்மை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கோபம் கொள்ளவில்லை; மோர் கொடுத்தார். செம்பைப் பிடித்த இடக்கையில் ஆள்காட்டி விரல் குறைந்திருந்தது.

அவர் இப்பொழுது பால் ஊற்றுகிறார். சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் ஸ்ரீஜா என்னும் மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனம் 2014 முதல் நடந்து வருவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். குரியன் வளர்த்த பால்வள வாரியத்தின் துணையோடு தொடங்கிய நிறுவனம் அது. அதன் உறுப்பினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், எல்லோரும் பெண்கள், பால் ஊற்றுவோரே அதன் பங்குதாரர்கள். அக்காளும் ஓர் உறுப்பினர். "என் கண் முன்னால் அளக்கிறார்கள், தம்பி. கொழுப்பு எவ்வளவு என்று சொல்லிச் சீட்டுத் தருகிறார்கள். பணம் என் பேருக்கே வங்கியில் விழுகிறது" என்றார். ஆலையில் அவர் ஒரு நாளும் இவ்வளவு பேசி யாம் கேட்டதில்லை. கேட்பதற்கு யாம் இடங்கொடுத்ததும் இல்லை.

வந்த காரணத்தைச் சொன்னோம். பதிவேட்டில் எழுதியது பொய் என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "நீ எழுதியதை அன்றே ஒருவர் எனக்குப் படித்துச் சொல்லிவிட்டார். வேகம் உன்னால் வந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை; உனக்கும் மேலே ஆள் இருந்தார்கள். என் கவனம் குறைவு என்று எழுதினாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இருபது வருஷமாக அரிவாளும் கத்தியும் பிடித்த கை இது" என்றார்.

இழப்பீடு கோர அச்சட்டம் விதித்திருந்த இரண்டாண்டுக் கெடு கடந்திருந்தது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வழியுண்டு. யாமே சாட்சி சொல்வோம் என்றோம். வழக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். வேறென்ன செய்வது என்று கேட்டோம். "நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடு" என்றார். எழுதினோம். இடைவேளை நிறுத்தப்பட்டதையும், அளவுக்கு மீறி விரைவுபடுத்தியதையும், ஏட்டில் யாம் எழுதியது உண்மையன்று என்பதையும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிக் கையெழுத்திட்டோம். அவர் அதை வாங்கி, பள்ளி விட்டு வந்த தம் மகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். அப்பெண் படித்து முடிக்கும் வரை யாம் தலைநிமிரவில்லை. பின்னர் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "பால் ஊற்றப் போகவேண்டும், நேரமாயிற்று" என்று எழுந்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கவும் எமக்கு உரிமையில்லை.

இனி அந்த இளைஞருக்கு. தம்பி, துறை மாறுவது தவறன்று. எம் கணக்கறிவு ஆலையிலிருந்து ரயிலுக்கு எம்முடன் வந்தது. குரியனின் பொறியறிவு எஃகிலிருந்து பாலுக்குச் சென்றது. கற்றது எதுவும் வீணாவதில்லை. ஆனால் பழைய இடத்தின் பதவியை மூட்டைக்குள் வைத்துக் கொண்டு செல்லாதீர். அது புதிய இடத்தில் சுமையே ஆகும். முதல் ஓராண்டு கசக்கும். அந்தக் கசப்பை மட்டும் கண்டு, தவறான துறைக்கு வந்துவிட்டோமோ என்று முடிவு கட்டிவிடாதீர். உம் வேலையின் மறுமுனையில் நிற்பவர் எவர் என்று தேடிப் பாரும். நாற்றுக்குக் காத்திருக்கும் தோட்டக்காரரோ, பாலுக்குக் காத்திருக்கும் குழந்தையோ, அவர் முகம் தெரிந்துவிட்டால் வேலை இனிக்கத் தொடங்கும்.

தலைமையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நாளை உம் கீழும் நான்கு பேர் வேலை செய்வார்கள். விரைவாக வேலை வாங்குவதை எவரும் கற்றுக்கொள்ளலாம். பிழை நேர்ந்த நாளில் தாளின் மேல் முதற் கையெழுத்து எவருடையது என்பதில்தான் தலைமை இருக்கிறது. இதை யாம் நூலில் படிக்கவில்லை. எம்மைவிட நல்லவர் இருவரிடம் கற்றோம். அவர்களுள் ஒருவர் தண்டவாளத்திலும், ஒருவர் பார்சல் அறையிலும் இருந்தார்.

புரட்டாசி வந்தால் திருப்பதியின் கூட்டத்தை நீவிர் அறிவீர். சனிக்கிழமை இரவுகளில் நடைமேடையில் கால் வைக்க இடமிராது. அக்கூட்டத்தினூடே தள்ளுவண்டியில் பார்சல்களைக் கொண்டுசென்று, வண்டி புறப்படுவதற்குள் ஏற்றவேண்டும். இப்பொழுது அந்த முறைப்பணிக்கு யாமே பொறுப்பு. வண்டி வருமுன், எம்முடன் சுமக்கும் ஆறு பேரும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறோம். ஏற்றி முடித்து வண்டி நகர்ந்ததும் மூட்டைச் சீட்டுகளை எண்ணுகிறோம். அதற்கு முன் ஆட்களை எண்ணுகிறோம். எம்முடன் வேலை செய்யும் இளையவர் ஒருவர், "என்ன சார், நாங்கள் எங்கே ஓடிப்போகப் போகிறோம்?" என்று சிரிப்பார். யாமும் சிரித்துக்கொண்டே எண்ணி முடிப்போம்.

மகிழ்ச்சியாக வேலை செய்கிறீர்களா என்று கேட்டீர். ஆம் தம்பி, மகிழ்ச்சியாகத்தான் செய்கிறோம். அடுத்த கூட்டத்தில் உம் முடிவைச் சொல்லும். அன்று கடைசிப் பேருந்தை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, இருந்து பேசுவோம்.